திருடினால் கையை வெட்டுவார்களா?

சாமளாபுரத்தில் நைட் ஷிப்ட் முடிந்து தறி ஓட்டுபவர்கள் டீக்கடைக்கு வரும் நேரம். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். தறிச் சத்தம் இன்னும் காதை விட்டு இறங்காததால் எல்லோரும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார்கள். ஒருவரின் மகனுக்குச் சவூதியில் வீட்டு டிரைவர் வேலை கிடைத்து விசாவும் வந்துவிட்டது. "ஏனுங்கண்ணா, அங்க தப்புப் பண்ணுனா கைய வெட்டிப்போடுவாங்களாமா? பையன அனுப்பறதுக்கே பயமா இருக்குதுங்க" என்றார் என்னிடம். பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்தவர், "அப்பிடி வெட்டுனாத்தானுங்க நம்ம நாடும் உருப்படும்" என்றார். மங்கலத்திலிருந்து நூல் எடுக்க வந்திருந்த பாய் ஒருவர் இரண்டையும் கேட்டபடி டீயைக் குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏன் சொல்ல வேண்டும்? சவூதி கோர்ட்டுக்கு அவர் ஜவாப்தாரியா என்ன?

அந்தப் பயமும் இந்த ஆசையும் ஒரே அரைகுறைச் செய்தியிலிருந்து பிறந்தவை. அதனால் பொறுமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளும், இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள்.

ஷரீஅத் என்னும் இஸ்லாமியச் சட்டத்தின் நூல்கள் குற்றங்களை மூன்று வகையாகப் பிரிக்கின்றன. முதல் வகை ஹத்து. திருட்டு, வழிப்பறி, திருமணத்துக்கு வெளியே உறவு, அந்த உறவு இருந்ததாகப் பொய்ப் பழி சுமத்துவது, மது ஆகியவை இதில் வரும். தண்டனை முன்பே வகுக்கப்பட்டது, நீதிபதி கூட்டவோ குறைக்கவோ முடியாது. இரண்டாவது கிஸாஸ். கொலையும் காயமும் இதில் அடங்கும். பழிக்குப் பழி கேட்பதா, மன்னிப்பதா, பணம் வாங்கிக்கொண்டு விடுவதா என்ற உரிமை பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் இருக்கும். மூன்றாவது தஃஸீர். மேலே சொன்ன இரண்டிலும் அடங்காத எல்லாமே இதுதான்: லஞ்சம், மோசடி, கள்ள எடை, போதைப்பொருள். தண்டனையை அரசும் நீதிபதியும் தீர்மானிப்பார்கள். சவூதியில் நடக்கும் வழக்குகளில் மிகப் பெரும்பான்மை இந்த மூன்றாவது வகை. சிறை, அபராதம், முன்பெல்லாம் சவுக்கடி. நீதிபதி தன் விருப்பப்படி சவுக்கடி கொடுப்பதை நிறுத்தச் சொல்லி 2020 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது.

கை வெட்டு முதல் வகையைச் சேர்ந்தது. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எதைத் திருட்டு என்பது என்று எழுதத் தொடங்கிய சட்ட அறிஞர்கள் பக்கம் பக்கமாக நிபந்தனை போட்டார்கள். பொருளின் மதிப்பு ஓர் அளவைத் தாண்ட வேண்டும். ஷாஃபி, மாலிகி பிரிவினருக்குக் கால் தீனார், அதாவது சுமார் ஒரு கிராம் தங்கம். ஹனஃபி பிரிவினருக்குப் பத்து வெள்ளித் திர்ஹம். பொருள் பூட்டிலோ காவலிலோ இருந்திருக்க வேண்டும். எடுத்தவருக்கு அதில் துளியும் பங்கு இருக்கக் கூடாது. பசிக்காக எடுத்திருக்கக் கூடாது. இரண்டு ஆண்கள் கண்ணால் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும், அல்லது திருடியவரே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டவர் பிறகு மறுத்தாலும் கை தப்பிவிடும்.

நம் ஊர்க் கணக்கில் பாருங்கள். தறிக்குடோனில் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு நூல் கோனைத் துண்டில் சுற்றி வெளியே எடுத்துப் போகிறார் என்று வையுங்கள். உள்ளே வந்துபோக முதலாளியே அனுமதி கொடுத்திருக்கிறார். எனவே காவலை உடைத்து எடுத்ததாக ஆகாது, கை வெட்ட முடியாது என்கிறது ஹனஃபி சட்டம். மங்கலம், பல்லடம், தாராபுரம் பக்கத்து ராவுத்தர்கள் பின்பற்றுவது இந்த ஹனஃபி முறையைத்தான். கடற்கரை மரைக்காயர்களும் இலங்கை முஸ்லிம்களும் ஷாஃபி. கலீபா உமரிடம் வந்ததாக ஒரு வழக்கைச் சட்ட நூல்கள் சொல்கின்றன. எஜமானின் மனைவியுடைய கண்ணாடியை வீட்டு அடிமை திருடிவிட்டான், மதிப்பு அறுபது திர்ஹம், கையை வெட்டுங்கள் என்று எஜமான் வந்து நின்றார். உங்கள் ஆள் உங்கள் பொருளை எடுத்திருக்கிறான் என்று சொல்லி உமர் அனுப்பிவிட்டார். பெரும் பஞ்சம் வந்த ஆண்டில் கை வெட்டையே அவர் நிறுத்தி வைத்தார். அது நடந்தது ஏழாம் நூற்றாண்டில்.

திருமணத்துக்கு வெளியே உறவு என்ற குற்றத்துக்கு நிபந்தனை இன்னும் கடுமை. நான்கு பேர் அந்தச் செயலையே நேரில் கண்டிருக்க வேண்டும். கதவிடுக்கில் சந்தேகமாக ஏதோ தெரிந்தது என்பதெல்லாம் போதாது. மூன்று பேர் சொல்லி நான்காமவர் தயங்கினால் சொன்ன மூவருக்கும் தலா எண்பது சவுக்கடி. குர்ஆனில் இந்தக் குற்றத்துக்கு உள்ளது நூறு சவுக்கடி. மணமானவர்களைக் கல்லால் அடித்துக் கொல்வது நபிமொழித் தொகுப்புகளிலிருந்து வந்தது. அதை இன்று மறுக்கும் முஸ்லிம் அறிஞர்களும் உண்டு. பல நூற்றாண்டு நீடித்த ஒட்டோமான் ஆட்சியில் இஸ்தான்புல்லில் அப்படி ஒரு பெண்ணைக் கொன்றதாகச் சரித்திரக்காரர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வது 1680-இல் நடந்த ஒரு சம்பவத்தை. அது நடந்தபோதே தலைநகரம் திகைத்தது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பொது விதியும் உண்டு. சந்தேகம் வந்தால் ஹத்து தண்டனையைத் தவிர்த்துவிடுங்கள் என்பது அது. தவறாகத் தண்டிப்பதைவிடத் தவறாக மன்னிப்பது மேல் என்ற கருத்தும் அதோடு சேர்ந்தே வரும். தண்டனையை வாசலில் மாட்டி வைத்துவிட்டு, வாசற்படியை ஆளுயரத்துக்குக் கட்டியவர்கள் அந்தப் பழைய அறிஞர்கள். பயமுறுத்த வேண்டும், ஆனால் எளிதில் நடந்துவிடக் கூடாது என்பதே அவர்கள் எண்ணம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் சில அரசுகள் என்ன செய்தன? தண்டனையை எடுத்துக்கொண்டு வாசற்படியை இடித்துவிட்டன. பாகிஸ்தானில் ஜியா-உல்-ஹக் 1979-இல் ஹுதூத் (ஹத்து என்பதன் பன்மை) அவசரச் சட்டங்களைக் கொண்டுவந்தார். வன்கொடுமைக்கு ஆளான பெண் புகார் கொடுத்து, அது நிரூபணமாகாவிட்டால், உறவு நடந்ததை அவளே ஒப்புக்கொண்டதாகக் கொண்டு அவளையே உள்ளே தள்ளினார்கள். ஸஃபியா பீபி என்ற பார்வையற்ற பெண்ணுக்கு 1983-இல் அப்படித்தான் நடந்தது. அவருக்குச் சவுக்கடியும் சிறையும் விதித்தார்கள். கொடுமை செய்ததாகச் சொல்லப்பட்டவர்கள் சாட்சி இல்லை என்று வெளியே வந்தார்கள். நாடே கொதித்த பிறகு மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பெண்ணின் மானத்தைக் காக்க வைத்த நான்கு சாட்சி நிபந்தனையை, பெண்ணுக்கு எதிரான ஆயுதமாகவே திருப்பிவிட்டார்கள். 2006-இல் சட்டத்தைத் திருத்தி வன்கொடுமையைப் பழைய தண்டனைச் சட்டத்துக்குள் கொண்டுவர இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

நைஜீரியாவில் ஆமினா லாவல் வழக்கு வேறு விதமாக முடிந்தது. மணவிலக்கு பெற்ற பெண், குழந்தை பெற்றார். கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்று 2002-இல் கீழ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய வழக்கறிஞர்கள் ஐக்கிய நாடுகள் சபையின் ஆவணங்களோடு நிற்கவில்லை, பழைய மாலிகிச் சட்ட நூல்களையே கொண்டுபோய் வைத்தார்கள். கரு தாயின் வயிற்றில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கலாம் என்று அந்த நூல்கள் சொல்கின்றன, எனவே குழந்தை முன்னாள் கணவருடையதாகவும் இருக்கலாம் என்று வாதாடினார்கள். மருத்துவப்படி அது நடக்காது. ஒரு பெண்ணின் உயிரைக் காக்கவென்றே பழைய அறிஞர்கள் திறந்து வைத்திருந்த சன்னல் அது. 2003 செப்டம்பரில் கட்ஸினா மாநில ஷரீஅத் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது.

உலகில் முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகள் இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, வங்கதேசம். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் மட்டும் பிரம்படி உண்டு. பாகிஸ்தானில் கை வெட்டு சட்டத்தில் இருக்கிறது, இதுவரை ஒரு கையையும் அரசு வெட்டியதில்லை. வங்கதேசம் இன்னமும் 1860-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் தண்டனைச் சட்டத்தைத்தான் வைத்திருக்கிறது. கை வெட்டையும் கசையடியையும் நிஜமாக நடத்துவது ஈரான், தாலிபான் கையிலிருக்கும் ஆப்கானிஸ்தான் போன்ற சில நாடுகளே. சவூதியில் இன்று அதிகம் விழுவது மரண தண்டனையின் வாள். இன்னொன்று: மலேசியத் தமிழ் இளைஞர் நாகேந்திரனைப் போதைப்பொருள் வழக்கில் 2022-இல் தூக்கிலிட்டது சிங்கப்பூர். அங்கே பிரம்படியும் உண்டு. அதற்கும் ஷரீஅத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆங்கிலேயர் விட்டுப்போனது. நம் நாட்டிலும் 1864-இல் ஆங்கிலேயர் சவுக்கடிக்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். சுதந்திர இந்தியா 1955-இல்தான் அதை ஒழித்தது.

இனி இரண்டாவது வகைக்கு வருகிறேன். வளைகுடாவுக்குப் போகும் நம் ஆட்களின் உயிரைத் தொடுவது இதுதான்.

கொலை என்றால் நமக்குக் குற்றவாளிக்கும் அரசுக்கும் இடையிலான வழக்கு. செத்தவரின் மனைவி போய், "நான் மன்னிச்சுட்டேனுங்க, விட்டுருங்க" என்றால் செஷன்ஸ் கோர்ட் கேட்காது. கிஸாஸ் முறையில் செத்தவரின் வாரிசுகள்தான் வழக்கின் சொந்தக்காரர்கள். வாரிசுகளில் ஒருவர் மன்னித்தாலும் வாள் இறங்காது என்பது பெரும்பாலான சட்டப் பிரிவுகளின் நிலை. கொல்லும் எண்ணமில்லாமல் கை தவறி உயிர் போயிருந்தால் பழி கேட்கவே முடியாது, தியா என்னும் உயிர்ப்பணம் மட்டும்தான். லாரி மோதி இறந்தவரின் குடும்பத்துக்கு நம் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் பணம் வாங்கிக் கொடுக்கிறதே, ஏறக்குறைய அது மாதிரி.

இந்த முறை நம் மண்ணுக்குப் புதிது என்று நினைத்துவிடாதீர்கள். திப்பு சுல்தான் வீழ்ந்து கோயமுத்தூர்ச் சீமை கும்பெனியார் கைக்குப் போன பிறகும் குற்ற வழக்குகளுக்கு முஸ்லிம் சட்டமே அடிப்படையாக இருந்தது, இந்துவுக்கும் சேர்த்துத்தான். 1802-இல் சென்னையில் பௌஜ்தாரி அதாலத் என்ற உயர்நீதிமன்றம் வந்தது. ஆங்கிலேய நீதிபதிக்குப் பக்கத்தில் முஸ்லிம் சட்டம் அறிந்த காஜியும் முப்தியும் உட்கார்ந்து கருத்துச் சொல்வார்கள். ஆனால் வங்காளத்தில் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் 1790-களின் தொடக்கத்திலேயே இரண்டு மாற்றங்களைச் செய்திருந்தார். உறுப்பை வெட்டுவதற்குப் பதில் ஓர் உறுப்புக்கு ஏழு ஆண்டுக் கடுங்காவல், இரண்டு உறுப்புக்குப் பதினான்கு. கொலைகாரனை மன்னிக்கும் உரிமையைக் குடும்பத்திடமிருந்து பிடுங்கி அரசிடம் கொடுத்தார். வாளை உறைக்குள் போட்ட அதே கை மன்னிப்பையும் எடுத்துக்கொண்டது. பிறகு மெக்காலே வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, முஸ்லிம் குற்றவியல் சட்டம் முழுதாக விடைபெற்றது. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை போன்றவற்றுக்கு மட்டுமே. இந்தியாவில் வாழும் முஸ்லிமுக்குத் திருட்டும் கொலையும் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின்படிதான், எனக்கும் உங்களுக்கும் எப்படியோ அப்படி.

இலங்கையில் திருகோணமலை மாவட்டம் மூதூரில் விறகு வெட்டிப் பிழைத்த குடும்பத்துப் பெண் ரிஸானா நஃபீக். 1988 பிப்ரவரியில் பிறந்தவர். ஏஜெண்டுகள் பாஸ்போர்ட்டில் 1982 என்று போட்டு, 2005 மே மாதம் சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அப்போது அவருக்குப் பதினேழு வயது. வீட்டு வேலையோடு நான்கு மாதக் கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவதும் அவர் தலையில் விழுந்தது. குழந்தை வளர்த்துப் பழக்கமே இல்லாத பெண். போய்ச் சேர்ந்த அந்த மாதமே, புட்டிப்பால் கொடுக்கும்போது குழந்தைக்குப் புரையேறி மூச்சு நின்றுவிட்டது என்று அவர் சொன்னார். கழுத்தை நெரித்தார் என்று குழந்தையின் பெற்றோர் சொன்னார்கள்.

காவல் நிலையத்தில் வாக்குமூலம் வாங்கினார்கள். அருகில் வழக்கறிஞர் இல்லை. மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் சரிவரத் தெரியாது என்று இந்த வழக்கில் தலையிட்ட மனித உரிமை அமைப்புகள் பிற்பாடு எடுத்துக் காட்டின. மிரட்டி வாங்கியது என்று ரிஸானா பின்னர் மறுத்தார். குழந்தையின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்யவில்லை. 2007 ஜூன் 16 அன்று தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மேல்முறையீட்டுச் செலவுக்கு ஹாங்காங்கிலிருந்து இயங்கும் ஆசிய மனித உரிமை ஆணையம் என்ற தொண்டு நிறுவனம் பணம் திரட்டியது. இலங்கை ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டு எழுதினார். தாயும் தந்தையும் கெஞ்சினார்கள். குழந்தையின் குடும்பம் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9 அன்று ரிஸானாவின் தலையை வெட்டினார்கள். இலங்கை நாடாளுமன்றம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது.

பதினேழு வயதுப் பெண், பழைய நூல்களின்படி பருவமடைந்தவள், எனவே பெரியவள் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பதினெட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு மரண தண்டனை கூடாது என்னும் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் சவூதி 1996-லேயே சேர்ந்துவிட்டது. அதை விட்டுவிடுவோம், பழைய நூலையே எடுத்துக்கொள்வோம். பால் புரையேறியதா, கழுத்து நெரிபட்டதா? இதற்கு விடை தெரிந்தால்தான் அது கொலையா விபத்தா என்று சொல்ல முடியும். விபத்து என்றால் பழி கேட்கவே வழியில்லை. அந்த விடையைச் சொல்லியிருக்கக்கூடிய பரிசோதனையைச் செய்யவே இல்லை. மிச்சமிருந்தது தன் மொழியை அறியாதவர் வழியாக ஒரு சிறுமி சொன்ன நாலு வாக்கியம். மிரட்டி வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று பெரும்பாலான பழைய சட்ட அறிஞர்களே எழுதியிருக்கிறார்கள். கண்ணாடி திருடிய அடிமைக்கு வழி தேடிய ஒரு சட்ட மரபின் பெயரால் இந்தப் பெண்ணைக் கொன்றதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்த நாட்டிலும், நம் நாட்டிலும்கூட, மரண தண்டனை எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ரிஸானாவைக் காப்பாற்ற ஷரீஅத்தை எதிர்த்திருக்க வேண்டிய தேவையே இல்லை. அதன் நிபந்தனைகளை ஒழுங்காகப் படித்திருந்தாலே போதும்.

இதே முறை உயிரைக் காத்ததும் உண்டு. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் 2013-இல் குவைத்தில் தன்னோடு தங்கியிருந்த மலப்புரத்துக்காரரைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை பெற்றார். குவைத்தின் தண்டனைச் சட்டம் சவூதியைப் போல முழுக்க ஷரீஅத்தில் நிற்பதல்ல, ஆனாலும் குடும்பத்தின் மன்னிப்புக் கடிதத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. செத்தவர் வீட்டில் கேட்ட தொகை 30 லட்சம் ரூபாய். தமிழ்க் குடும்பம் இருந்ததை எல்லாம் விற்றும் 5 லட்சத்துக்கு மேல் சேர்க்க முடியவில்லை. கைதியின் மனைவி தன் தந்தையோடு மலப்புரம் பாணக்காட்டுக்குப் போய் முஸ்லிம் சமுதாயத் தலைவர் முனவ்வர் அலி ஷிஹாப் தங்களிடம் முறையிட்டார். மீதிப் பணத்தை அவர் திரட்டினார். 2017 நவம்பரில் அவர் வீட்டிலேயே கொலையுண்டவரின் மனைவி மன்னிப்புக் கடிதத்தை ஒப்படைத்தார். தஞ்சாவூர் இந்துப் பெண் ஒருத்தி, மலப்புரம் முஸ்லிம் பெண் ஒருத்தி. ஒருத்தியின் கணவன் மற்றவளின் கணவனைக் கொன்றிருக்கிறான். ஒரே அறையில் இருவரும் நின்றார்கள். மரண தண்டனை ஆயுள் தண்டனையாக மாறியது. நம் கோர்ட்டுகளில் அப்படி ஓர் அறைக்கே இடமில்லை.

இதைச் சொன்னதும் பெஞ்சில் இருந்த ஒருவர், "அப்ப காசு இருந்தா கொலை பண்ணலாமுங்களா?" என்று கேட்டார். சரியான கேள்வி. இந்த முறையின் பெரிய ஓட்டை அங்கேதான். லாகூரில் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்ற அமெரிக்க உளவுத்துறை ஒப்பந்தக்காரர் ரேமண்ட் டேவிஸ், பெரும் தொகை கைமாறிய அன்றே, 2011 மார்ச்சில், விமானம் ஏறினார். அதே பாகிஸ்தானில் அண்ணன் தங்கையைக் கொன்றால் மன்னிக்க வேண்டியவர்கள் அவர்களுடைய பெற்றோர். கொன்றவனும் பிள்ளை, செத்தவளும் பிள்ளை. மன்னிப்பு எளிதாகக் கிடைத்துவிடும். 2016-இல் கந்தீல் பலோச் என்ற பெண்ணை அவருடைய சகோதரரே கொன்ற பிறகு, மானத்தின் பேரால் செய்த கொலையில் குடும்பம் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என்று சட்டம் மாற்றினார்கள். அப்படியும் அந்தச் சகோதரர் 2022-இல் விடுதலையானார்.

உயிருக்குப் போட்ட விலையிலும் நியாயம் இருந்ததில்லை. சவூதியில் பல ஆண்டுகள் முஸ்லிம் ஆணின் உயிருக்கு ஒரு லட்சம் ரியால், கிறிஸ்தவருக்கு அதில் பாதி, இந்துவுக்கு 6,666 ரியால் என்று கணக்கிட்டார்கள். பெண் என்றால் இவை ஒவ்வொன்றிலும் பாதி. முஸ்லிமுக்கும் மற்றவருக்கும் ஒரே தியா என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஹனஃபி அறிஞர்கள் எழுதி வைத்திருக்க, முஸ்லிம் அல்லாதவருக்கு மிகக் குறைத்துச் சொன்ன வேறு பிரிவை அந்நாடு பிடித்துக்கொண்டது. உழைக்கப் போன நம் ஆட்களின் உயிரை இப்படி நிறுத்துப் போட்டதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

கோழிக்கோட்டுக்காரர் அப்துல் ரஹீம் வழக்கை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2006-இல் வீட்டு டிரைவராகப் போனவர். உடல் செயலிழந்த பதினைந்து வயதுப் பையனைக் காரில் அழைத்துப் போகும்போது, அவன் கழுத்தில் பொருத்தியிருந்த கருவியில் ரஹீமின் கை பட்டு அது விலகி, பையன் இறந்துவிட்டான். மரண தண்டனை விதித்தார்கள், பதினெட்டு ஆண்டுகள் சிறையில் கழிந்தன. குடும்பம் கேட்டது ஒன்றரைக் கோடி ரியால், நம் பணத்தில் 34 கோடி. 2024 ஏப்ரலில் மலையாளிகள் அதைச் சேர்த்துக் கொடுத்தே விட்டார்கள். ஜூலை 2 அன்று மரண தண்டனை ரத்தானது. ஆனாலும் உடனே வெளியே விடவில்லை. சவூதியில் குடும்பத்தின் உரிமை ஒன்று, அரசின் உரிமை ஒன்று. குடும்பம் விட்டாலும் அரசு தன் பங்குக்குத் தனியாகத் தண்டிக்கலாம். 2025 மே மாதம் 20 ஆண்டுச் சிறை என்று தீர்ப்பானது, கழிந்த காலம் அதில் அடக்கம். கொலை வழக்கில் பாலக்காட்டு நர்ஸ் நிமிஷா பிரியாவுக்கு விதித்த மரண தண்டனை 2025 ஜூலை 16 அன்று ஏமனில் நிறைவேறுவதாக இருந்து, கடைசி நேரத்தில் தள்ளிப் போனதும் இதே குடும்ப மன்னிப்புக்கான பேச்சு நடந்ததால்தான். கேரளத்து மார்க்க அறிஞர் காந்தபுரம் அபூபக்கர் முஸ்லியார் ஏமன் நாட்டு அறிஞர்களிடம் பேசினார். செத்தவரின் சகோதரர் பணம் வேண்டாம் என்றார். யார் வீட்டில் பிணம் விழுந்ததோ அவருக்கு அப்படிச் சொல்லவும் உரிமை இருக்கிறது.

வெட்டினால்தான் நாடு உருப்படும் என்றவருக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த ஆசை கோர்ட்டோடு நிற்பதில்லை. கோவை உக்கடத்தில் திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த பாரூக், கடவுள் இல்லை என்று எழுதிவந்த முஸ்லிம் இளைஞர், 2017 மார்ச்சில் வெட்டிக் கொல்லப்பட்டார். இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேர தூரம். கைதானவர்களும் அதே சமயத்தவர்கள். தண்டனை கொடுக்கத் தனி ஆளுக்கு அதிகாரம் கிடையாது, ஆட்சியாளரும் நீதிமன்றமும் மட்டுமே கொடுக்க முடியும் என்பதில் பழைய சட்டப் பிரிவுகள் நான்குக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஷரீஅத்தின்படி பார்த்தாலும் அது குற்றமே. நம் உச்ச நீதிமன்றமும் 2014 ஜூலையில், ஃபத்வாவுக்கு, அதாவது மார்க்க அறிஞர் சொல்லும் கருத்துக்கு, சட்ட வலு இல்லை, யாரையும் அது கட்டுப்படுத்தாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

அந்தத் தகப்பனுக்கு நான் சொன்னது இதுதான். பையன் கையை நினைத்துப் பயப்பட வேண்டாம். பாஸ்போர்ட்டில் வயது, பெயர், ஊர் ஒன்றையும் ஏஜெண்ட் மாற்றாமல் பாருங்கள். அங்கே போலீஸ் பிடித்தால் அரபியில் எழுதிய எதிலும் புரியாமல் கையெழுத்தோ கைரேகையோ போடக் கூடாது. தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இந்தியத் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்க உரிமை உண்டு, திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். போவதற்கு முன்பே தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையில் பதிவு செய்துவிடுங்கள்.

டிரைவர் வேலைக்குப் போகிறவருக்கு இன்னொன்றும் உண்டு, அதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. ரோட்டில் யாராவது அடிபட்டு இறந்தால், தவறு டிரைவர் மேல் என்று ஆனால், அங்கே வருவது உயிர்ப்பண வழக்கு. 2011-இல் விபத்து மரணத்துக்கான தியாவை மூன்று லட்சம் ரியாலாக உயர்த்தினார்கள், நம் பணத்தில் அறுபது லட்சத்துக்கு மேல். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் கம்பெனி கட்டும். முதலாளி அதைப் புதுப்பிக்க மறந்திருந்தாலோ, சவூதி லைசென்ஸ் வருவதற்கு முன்பே பையனை வண்டி எடுக்கச் சொல்லியிருந்தாலோ அந்தத் தொகை பையன் தலையில் விழும், கட்டும் வரை சிறை. போன முதல் நாளே காரின் இன்ஷூரன்ஸ் தாளை வாங்கி, எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்து, போனில் ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். லைசென்ஸ் கைக்கு வராமல் சாவியைத் தொடக் கூடாது.